நெய்யில் கை விட்டால் தீருமா? துணைக்குத் துரோகம் செய்தவர் தன்னை மன்னிப்பது பற்றி

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சுசீந்திரம் வந்துவிடும். இந்தக் கட்டுரையின் விஷயம் அந்த ஊரின் பெயரிலேயே இருக்கிறது. கௌதமரின் வேடத்தில் வந்து அகலிகையை ஏமாற்றிய இந்திரன், சாபம் வாங்கிக்கொண்டு, இங்கே வந்து வழிபட்டு 'சுசி' ஆனான், அதாவது சுத்தமானான் என்பது தலபுராணம். கொதிக்கிற நெய்யில் இறங்கித்தான் சுத்தமானான் என்று சொல்கிறவர்களும் உண்டு. இது கதையோடு நிற்கவும் இல்லை. திருவிதாங்கூர் காலத்தில், தகாத உறவு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள், அதாவது கேரளத்துப் பிராமணர்கள், இந்தக் கோவிலில் கொதிக்கும் நெய்யில் கையை விட்டுக் காட்ட வேண்டும். கையைக் கட்டிவைத்துச் சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி. அதற்குக் கைமுக்கு என்று பெயர். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அந்த வழக்கம் நின்றது.

சின்ன வயதில் பாட்டி இந்தக் கதையைச் சொன்னபோது எனக்கு இந்திரன்மேல் பரிதாபம்தான் வந்தது. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, அதே கோவில் பிராகாரத்தில் கால் வலிக்கு உட்கார்ந்திருந்தபோது வேறொரு கேள்வி வந்தது. நெய் கொதித்தது, சரி. கை வெந்தது, அதுவும் சரி. இதில் அகலிகைக்கு என்ன கிடைத்தது?

குடும்பத்தில், தெருவில் ஏதாவது சண்டை என்றால் நடுவில் உட்கார்ந்து பேசுகிற வேலை எனக்கு எப்படியோ வாய்த்துவிட்டது. கட்டின துணையை ஏமாற்றிவிட்டு, பிறகு அதை நினைத்து நினைத்து வேகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட மாட்டார்கள், உறங்க மாட்டார்கள், கல்யாண வீட்டுக்குப் போக மாட்டார்கள். தினமும் மனசுக்குள் ஒரு கைமுக்கு நடக்கும். அவர்களில் பலரிடம் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது: வெந்துகொண்டே இருப்பதுதான் செய்த தப்புக்கு ஈடு என்று நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

'தன்னைத் தானே மன்னிப்பது' என்ற பேச்சே பலருக்கு எரிச்சலைத் தரும். "தப்பையும் செஞ்சுட்டு, மன்னிப்பையும் அவனே குடுத்துக்கிடுவானா? திருடனே ஜட்ஜா?" என்று ஒரு அண்ணாச்சி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மன்னிப்பு என்ற சொல்லை நாம் விடுதலைத் தீர்ப்பு என்ற பொருளில் எடுத்துக்கொள்வதால் வருகிற கேள்வி. இங்கே பொருள் வேறு. செய்தது தப்பு, செய்தது நான்தான், அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை முழுசாக ஒத்துக்கொண்ட பிறகும், என்னை ஒரு மனுஷனாக நடத்துவதை நிறுத்தாமல் இருப்பது. அவ்வளவுதான் தன்னை மன்னித்தல். மறப்பது இதில் இல்லை. துணை மன்னித்துவிட்டார் என்று பொருளும் இல்லை. அந்த மன்னிப்பு அவர் கையில் இருக்கிறது. தரலாம், தராமலும் இருக்கலாம்.

உளவியலில் இதைப் பற்றித் தனியாகப் பேச ஆரம்பித்தே அதிக காலம் ஆகவில்லை. ஜூலி ஹால், ஃபிராங்க் ஃபின்சம் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் எழுதியபோது, மன்னிப்பு ஆராய்ச்சியில் இது மாற்றாந்தாய்ப் பிள்ளை மாதிரிக் கிடக்கிறது என்று தலைப்பிலேயே வருத்தப்பட்டார்கள். இந்தத் துறையில் முக்கியமாகப் பிரித்துக் காட்டுகிற ஒன்று உண்டு. போலியாகவும் தன்னை மன்னித்துக்கொள்ளலாம். 'எல்லாரும் செய்யிறதுதான்', 'அவ என்னைக் கவனிக்கல, அதான்', 'நடந்தது ஒரு தடவைதானே' என்று தப்பையே சின்னதாக்கிவிட்டால் மனசு லேசாகிவிடும். ஆனால் அது மன்னிப்பே இல்லை. தப்பு நடந்தது என்று ஒத்துக்கொள்ளாத இடத்தில் மன்னிக்க என்ன இருக்கிறது?

ஒருவரை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த இரண்டு மூன்று பேரைக் கலந்து செய்த ஆள் என்பதால் யாரும் தேட வேண்டாம். செல்வன் என்று வைத்துக்கொள்வோம். அருமனைப் பக்கம் வீடு. எட்டு வருஷம் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு. அங்கே ஒரு பெண்ணோடு ஒன்றரை வருஷம் தொடர்பு இருந்தது. அது முடிந்து, வேலையையும் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து, அப்பாவின் ரப்பர் விளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய போனை மகனுக்கு கேம் விளையாடக் கொடுத்தார். அதிலிருந்த படங்களை அழிக்க மறந்திருந்தார். மகன் படத்தை அம்மாவிடம் கொண்டுபோய், "இது யாரும்மா?" என்று கேட்டான்.

மனைவி ஷைனி சத்தம் போடவில்லை. மூன்று நாள் பேசவும் இல்லை. நாலாவது நாள் எல்லாவற்றையும் கேட்டார். செல்வன் பாதியைச் சொன்னார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த மாசம் இன்னும் கொஞ்சம். வட்டிக்கடையில் தவணை கட்டுகிற மாதிரி உண்மையைக் கொடுத்தார். பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான், இதைவிட மோசமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு தவணையும் கேட்கிறவருக்கு முதல் நாள் இடி மாதிரியே விழும். "இப்ப சொல்றதாவது முழுசா?" என்ற சந்தேகம் அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னாலும் தீராது.

அப்புறம் ஆரம்பித்தது இன்னொன்று. ராத்திரி விளக்கணைத்ததும் செல்வன் கேட்பார்: "என்னை மன்னிச்சிட்டியா?" அழுவார். நான் மனுஷனே இல்லை என்பார். ஷைனி எழுந்து உட்கார்ந்து, இவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, இவரைச் சமாதானப்படுத்திப் படுக்க வைக்க வேண்டும். அடிபட்டவள் அடித்தவனுக்கு ஒத்தடம் போடுகிற கதை. ஒரு நாள் ஷைனி சொன்னது: "நீங்க இப்பிடி கேட்டுக் கேட்டு இருந்தா நான் எப்ப ஒறங்க?"

இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது விஷயம். செல்வனின் அழுகை பொய்யில்லை. அவர் உண்மையாகவே வெந்துகொண்டிருந்தார். ஆனால் அந்த வேக்காடு முழுக்கத் தன்னைச் சுற்றியே நடந்தது. நான் எவ்வளவு கெட்டவன், எனக்கு மன்னிப்புண்டா, என் கதி என்ன. ஷைனிக்கு ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, பகலில் என்ன நினைத்து நடுங்குகிறார் என்று அந்த அழுகைக்கு நடுவில் கேட்க இடமே இல்லை.

இதற்கு உளவியல் வைத்திருக்கிற விளக்கம் ரொம்பப் பயனுள்ளது. நாம் பொதுவாக 'குற்ற உணர்ச்சி' என்று ஒரே சொல்லில் அடக்குவது உண்மையில் இரண்டு. ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். குற்ற உணர்வில் கண் செய்த காரியத்தின்மேல் இருக்கும்: 'நான் இப்படிச் செய்துவிட்டேனே.' அவமான உணர்வில் கண் ஆளின்மேல் இருக்கும்: 'நான் இப்படிப்பட்டவன்.' கேட்பதற்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் இரண்டும் போகிற திசை நேரெதிர். குற்ற உணர்வு வந்தவர் போய்ச் சரிசெய்யப் பார்ப்பார், மன்னிப்புக் கேட்பார், இழப்பீடு தேடுவார். அவமானம் வந்தவர் ஒளியப் பார்ப்பார். ஒளிய முடியாவிட்டால் கோபப்படுவார், பழியை அடுத்தவர்மேல் திருப்புவார். நேற்று காலில் விழுந்து அழுத மனுஷன் இன்றைக்கு "எத்தன நாளைக்கு இதையே சொல்லிக் காட்டுவ?" என்று கத்துகிறானே, அது எப்படி என்று பல வீடுகளில் கேட்பார்கள். அழுததும் அவமானம்தான், கத்துவதும் அவமானம்தான்.

செல்வனுக்கு இதை ரப்பரை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. பால் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு அடுக்கு இருக்கிறது. கத்தி அதைத் தொடாமல் பட்டையில் மட்டும் ஓடினால் பால் சிரட்டையில் விழும், வெட்டின இடத்தில் சில வருஷத்தில் புதுப்பட்டை வந்துவிடும், அங்கேயே மறுபடியும் வெட்டலாம். பழக்கமில்லாத கை ஆழமாக அழுத்தித் தடியில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வீங்கிப்போகும். பிறகு கத்தி ஓடாது. ஆழமாக வெட்டினால் பால் கூட வரும் என்பது புதுசாக வெட்டுகிறவனின் நினைப்பு. 'நான் செய்தது தப்பு' என்பது பட்டையில் விழுகிற வெட்டு, வலிக்கும், ஆனால் அதில் ஏதாவது கிடைக்கும். 'நான் மனுஷனே இல்லை' என்பது தடியில் விழுகிற வெட்டு. செல்வன் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு ஏற்கெனவே முண்டு வந்தாச்சு" என்றார். அரைச் சிரிப்புதான், ஆனாலும் ஐந்து மாசத்தில் முதல் சிரிப்பு.

தன்னை மன்னித்தல் என்று ஆய்வாளர்கள் சொல்வதைச் சுருக்கமாக இப்படியும் சொல்லலாம்: அவமானத்தைக் குறைத்து, குற்ற உணர்வை அதன் வேலையைச் செய்ய விடுவது.

சரி, தன்னை மன்னித்தால் மறுபடி செய்யத் தைரியம் வந்துவிடாதா? இந்தப் பயத்துக்கு ஆய்வில் ஒரு சுவையான பதில் இருக்கிறது. கனடாவில் மைக்கேல் வோல் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, படிக்காமல் தள்ளிப்போட்டுத் தேர்வுக்குப் போன முதலாண்டு மாணவர்களைப் பற்றியது. தள்ளிப்போட்டதற்காகத் தன்னை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? அதே வோல் அடுத்த வருஷம் சிகரெட் பிடிக்கிறவர்களைப் பற்றி இன்னொரு ஆய்வில் பங்கெடுத்தார். அங்கே தலைகீழ். சிகரெட் பிடிப்பதற்காகத் தன்னை மன்னித்துக்கொண்டவர்களுக்கு அதை விடுகிற எண்ணம் குறைவாக இருந்தது. படிப்பையும் புகையையும் வைத்துக் குடும்ப விஷயத்தில் முடிவுகட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் புரிகிறது. முடிந்துபோன தப்புக்கு மன்னிப்பு உதவுகிறது, நடந்துகொண்டிருக்கிற தப்புக்கு அது முட்டுக்கொடுக்கிறது. அந்தத் தொடர்பு இன்னும் ஏதோ ஒரு வடிவத்தில், சும்மா ஒரு 'குட் மார்னிங்' மெசேஜாகவாவது இருக்கிறதென்றால், தன்னை மன்னிப்பதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். முதலில் அதை நிறுத்த வேண்டும்.

நம்ம ஆட்கள் இதை எப்போதோ யோசித்து வைத்திருக்கிறார்கள். திருக்குறளில் வினைத்தூய்மை அதிகாரத்தில், 'எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று' என்று ஒரு குறள். 'ஐயோ, என்ன செய்துவிட்டேன்' என்று பிறகு வருந்தும்படியான காரியத்தைச் செய்யாதே. செய்துவிட்டால், அப்படிப்பட்டதைச் செய்யாமல் இருப்பது நல்லது. எதை? 'அன்ன' என்ற சொல்லில்தான் உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். அந்தத் தப்பை மறுபடி செய்யாதே என்பது மணக்குடவர் வழி. உட்கார்ந்து வருந்திக்கொண்டே இருக்காதே என்று கொள்கிறார் பரிமேலழகர். எந்த உரை சரி என்று தமிழாசிரியர்கள் சண்டை போடட்டும். எனக்கு இரண்டும் வேண்டும். மணக்குடவரை விட்டுவிட்டுப் பரிமேலழகரை மட்டும் பிடித்தால் அது போலி மன்னிப்பு. மணக்குடவரை மட்டும் பிடித்துக்கொண்டால் தப்பு திரும்பாது, ஆனால் ஷைனியும் உறங்க முடியாது.

இந்த மாவட்டத்தில் கோவிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் ஒரே பஸ் ரூட்டில் இருக்கின்றன. மனம் வெந்தவர் முதலில் போகிற இடமும் அதுவாகத்தான் இருக்கும். அதில் தப்பில்லை, ஆனால் அங்கே உண்மையில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கத்தோலிக்கர் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்கிற உத்தம மனஸ்தாப மந்திரத்தில் மனஸ்தாபத்தோடு, அதாவது செய்த பாவத்துக்கு வருந்துவதோடு, 'பிரதிக்கினை'யும் இருக்கிறது, அதாவது இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதி. பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனம் முடிந்தாலும் அவர் ஏதாவது பரிகாரம் சொல்லித்தான் அனுப்புவார். இஸ்லாத்தில் தவ்பாவுக்கு, அதாவது பாவமன்னிப்புத் தேடித் திருந்துவதற்கு, நிபந்தனைகள் உண்டு: அந்தச் செயலை விட வேண்டும், வருந்த வேண்டும், திரும்பச் செய்வதில்லை என்று உறுதிகொள்ள வேண்டும். இன்னொரு மனிதரின் உரிமை பாதிக்கப்பட்டிருந்தால் அதை அவரிடமே தீர்க்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. கடவுளிடம் பேசிவிட்டேன், கணக்கு முடிந்தது என்று மனைவியைத் தாண்டிப் போக எந்த மதமும் வழி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. போகிறவர்கள் தாங்களாக வழி போட்டுக்கொள்கிறார்கள்.

செய்ய வேண்டியதுக்கு வருவோம். இதில் பெரிசாக ரகசியம் ஒன்றும் இல்லை, கஷ்டம் மட்டும்தான் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கும்போது 'ஆனா' என்ற சொல் வரக் கூடாது. "தப்புதான், ஆனா நான் தனியா கெடந்தேன்" என்றால் கேட்கிறவர் காதில் பின்பாதி மட்டும்தான் விழும். தனிமை உண்மைதான். எட்டு வருஷம், ஒரு அறைக்கு ஆறு பேர், வெள்ளிக்கிழமை மட்டும் வீடியோ கால். அந்த வாழ்க்கையை வாழாத நான் அதைச் சின்னதாகப் பேசமாட்டேன். ஆனால் அதே அறையில் மற்ற ஐந்து பேரும் தனியாகத்தான் கிடந்தார்கள். ஷைனியும் இங்கே தனியாகத்தான் கிடந்தார். ஏன் அப்படிச் செய்தேன் என்று தேடுவது தேவை, அது தெரிந்தால்தான் அடுத்த தடவை அந்த வளைவில் பிரேக் பிடிக்க முடியும். அந்தக் காரணத்தைத் துணையிடம் சாக்காகக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. அவர் கேட்டால் சொல்லலாம்.

உடல் தொடர்பு இருந்ததென்றால் பரிசோதனை செய்துகொள்வது மன்னிப்புப் பேச்சைவிட அவசரமானது. அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிற நம்பிக்கை மையத்தில் எச்ஐவி சோதனை இலவசம், ஆலோசனையும் தருவார்கள், விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். சமீபத்தில் நடந்த தொடர்பு என்றால் முதல் சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் எப்போது மறுபடி வர வேண்டும் என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டு இதைத் தள்ளிப்போடுவது துணைக்குச் செய்கிற இரண்டாவது துரோகம்.

அப்புறம் நாள்பட்ட வேலை. போன் பூட்டில்லாமல் மேசைமேல் கிடப்பது. ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் ஆறு மணிக்கு வருவது, தாமதமானால் கேட்கும் முன் சொல்வது. அதே கேள்வியை நாற்பதாவது தடவை கேட்டாலும் முதல் தடவை கேட்டதுபோலப் பதில் சொல்வது. இதெல்லாம் சலிப்பூட்டும் வேலை. அழுவது சுலபம், சாயந்தரம் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருவது கஷ்டம். ஈடு என்பது இந்த இரண்டாவதுதான்.

துணைக்கு இன்னும் தெரியாது, சொல்லவா வேண்டாமா என்பது என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி. இதில் ஆலோசகர்களே ஒருமித்துப் பேசுவதில்லை. என் கணிப்பு இது: அவர் உடம்புக்கு ஆபத்து இருந்தாலோ, வேறு வாய்வழியாக அவர் காதுக்குப் போகிற நிலை இருந்தாலோ, அவரே நேராகக் கேட்டாலோ, சொல்லிவிட வேண்டும். மற்றபடி, எதற்காகச் சொல்லத் தோன்றுகிறது என்று முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் தன் வாழ்க்கையைப் பற்றித் தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவா, என் நெஞ்சு கனக்கிறது, இறக்கி வைக்க வேண்டும் என்பதற்காகவா? பழைய ரோட்டோரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கும், தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு ஆள் நிழலில் உட்காருவார். துணையை அந்தக் கல்லாக்கக் கூடாது. அடி உதைக்குப் பயமிருக்கிறது என்றால், குறிப்பாகப் பெண்களுக்கு, தனியாக வீட்டில் வைத்துச் சொல்வது கூடவே கூடாது. நம்பகமான ஒருவர் பக்கத்தில் வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

போலீஸ் கேஸ் ஆகுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்துவிட்டது. விவாகரத்துக்கு அந்த உறவு இன்றும் காரணம்தான்.

பெண்கள் என்று சொன்னதும் இன்னொருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. இவரும் கலவைதான். லதா. நாகர்கோவிலில் டீச்சர். அவர் பக்கம் தப்பு நடந்தது, கணவர் பிரிந்து போய்விட்டார், திரும்பி வரப் போவதில்லை. செல்வனுக்கு ஊர் என்ன சொன்னது? "ஆம்பிள, தூரதேசத்துல கெடந்தான், ஏதோ நடந்துபோச்சு." லதாவுக்கு ஊர் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. ஒரே தப்புக்கு இரண்டு தராசு. அதனால் லதா போன்றவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. நான் செய்தது எவ்வளவு, ஊர் என்மேல் ஏற்றியது எவ்வளவு என்று பிரித்து எடுக்க வேண்டும். முதலாவதுக்கு மட்டும்தான் அவர் பொறுப்பு.

லதா தனக்குத் தானே தண்டனை போட்டுக்கொண்டார். தோவாளைப் பிச்சிப்பூ தலையில் வைப்பதை நிறுத்தினார். சரி, அது அவர் இஷ்டம். நல்ல சேலை கட்டுவதை நிறுத்தினார். பாட்டுக் கேட்பதை நிறுத்தினார். மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போகவில்லை, நாலு பேர் முகத்தில் முழிக்க எனக்கென்ன தகுதி என்று. பத்து வயதுக் குழந்தை மேடையில் ஆடிவிட்டுக் கூட்டத்தில் அம்மாவைத் தேடியது. சொல்லுங்கள், அந்தத் தண்டனை யாருக்கு விழுந்தது? நெய்யில் கையை விட்டவர் அம்மா. வெந்தது குழந்தையின் கை.

கணவர் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை என்ற நிலையில் லதா தன்னை மன்னிக்கலாமா? மன்னிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். அவர் ஒரு கடிதம் எழுதினார், 'ஆனால்' இல்லாமல். பதில் எதிர்பார்க்கவில்லை என்றும் எழுதினார். மகளைப் பார்க்க அப்பா வருகிற நாட்களில் எந்தத் தடையும் வைக்கவில்லை, அவரைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. அந்த மனிதருக்கு இனி லதா தரக்கூடிய ஈடு அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் கேட்காத பலியைக் கொடுத்துக்கொண்டிருப்பதில் அவருக்குச் சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை.

சிலருக்கு இந்த வேக்காடு எல்லை தாண்டிப் போய்விடும். நான் இருந்து என்ன பிரயோஜனம், செத்தால் எல்லாருக்கும் நிம்மதி என்று தோன்ற ஆரம்பித்தால், இந்த மாதிரிக் கட்டுரை படித்துக்கொண்டிருக்கக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, கூப்பிடலாம், எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. நேரில் போக வேண்டுமென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் 'பைத்தியம்' என்பார்கள் என்று பயந்து பூவாரிலோ திருவனந்தபுரத்திலோ போய்ப் பார்க்கிற ஆட்களையும் எனக்குத் தெரியும். எங்கே போனால் என்ன, போனால் சரி.

தன்னை மன்னித்தாயிற்று என்று எப்படித் தெரியும்? அதற்கு நாள் கிழமை கிடையாது. எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான். துணையின் கோபமோ அழுகையோ வரும்போது உங்கள் கண் அவர்மேல் இருக்கிறதா, உங்கள்மேல் இருக்கிறதா?

நடந்தது தெரிந்து இரண்டு வருஷம் கழித்து செல்வனும் ஷைனியும் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பந்தியில் எதிரே உட்கார்ந்த ஒருவர், ஆள் யாரென்று தெரியாமல், "நீங்க ஷார்ஜாவிலதான இருந்தீங்க? நல்ல ஊரு, என்ன?" என்று கேட்டுவிட்டார். ஷைனியின் கை இலையில் அப்படியே நின்றது. முன்பு என்றால் செல்வனுக்கு முகம் கறுத்துவிடும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போய் நிற்பார், ஷைனி பின்னாலேயே போய் அவரைக் கூட்டிவர வேண்டும். அன்றைக்கு அவர் கேட்டவருக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "கஷ்டமா இருக்கா? வீட்டுக்குப் போவமா?"

ஷைனி கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பரிமாறுகிறவர்கள் பாயச வாளியோடு மூன்று இலை தள்ளி வந்துகொண்டிருந்தார்கள்.

"பிரதமன் வரட்டு," என்றார். "குடிச்சிட்டுப் போவம்."